ஆறு எவர்சில்வர் டப்பாக்கள்

அரிசி மிதக்காது. துவரம்பருப்பும் மிதக்காது. இது இஸ்ரவேலுக்குத் தெரியும். ஆனால் அவற்றைக் கட்டி வைத்திருந்த காகிதப் பைகள் மிதந்தன. மிதந்தபடியே ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தன.

“அப்பா, காவேரி நம்ம வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு!” என்றாள் ஆறு வயது நிக்கோல், நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு. குரலில் வருத்தம் துளியும் இல்லை.

குழாயில் தண்ணீர் வந்ததும் டிரம்முக்குள் ஹோஸைப் போட்டது இஸ்ரவேல்தான். ‘ஒரே நிமிஷம்’ என்று போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனதும் அவன்தான். எறும்பு ஏறிவிடுமே என்று பைகளையெல்லாம் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடுக்கியதும் சாட்சாத் அவனேதான். பழியைத் தூக்கி வேறு யார் தலையிலாவது போடலாம் என்றால் வீட்டில் ஆள் இல்லை. மனைவி மெட்டில்டா முந்தின நாள்தான் ஊருக்குப் போயிருந்தாள்.

அவள் போனது ஊருக்கே தெரியும். கோலார் தங்கவயலில் தங்கைக்குப் பிரசவம். ஒரு வாரம் கூட இருந்துவிட்டு வர வேண்டும். ஆட்டோ வந்து வாசலில் நின்ற பிறகுதான், பெட்டியின் சாவியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்ட விஷயத்தை இஸ்ரவேல் மெதுவாகச் சொன்னான். மெட்டில்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வார்டையே அடக்குகிற குரல். “என்னால இனிமே ஆகாது! நான் இல்லாம இருந்து பாருங்க, அப்பத் தெரியும்!” என்று அவள் ஆட்டோவில் ஏறியபோது, எதிரில் எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் சாரத்தின்மேல் நின்றவர்கள் கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மைசூரின் ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த லேஅவுட் அது. பொழுதுபோக்கு குறைவு.

இப்போது வாசலில் ரூபா மிஸ்ஸின் படை வந்து நின்றது. ஏழு வயது ஹேமந்த், ஐந்து வயது சோனியா, நாலு வயது ஜோ. நிக்கோலோடு சேர்த்தால் நாலு பேர். மூவரையும் கொண்டுவந்து விட்ட பெற்றோர்கள் ஸ்கூட்டரை அணைக்காமலே திரும்பிப் போய்விட்டார்கள்.

ரூபா மிஸ் நிக்கோலின் நர்சரியில் டீச்சர். ‘சின்னக் கைகள்’ என்று ஒரு குழு நடத்துகிறார். வாண்டுகளை நாலு நாலு பேராகப் பிரித்து, கூட ஒரு அப்பாவையோ அம்மாவையோ சேர்த்து, பக்கத்தில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கச் செய்வார். கொடுத்துவிட்டு ஓடி வரவும் கூடாது. ஒரு வாரம் தினமும் சாயங்காலம் போய்ப் பழக வேண்டும். மெட்டில்டா பெயரைக் கொடுத்திருந்தாள். மெட்டில்டா ஊருக்குப் போய்விட்டதால் பெயர் மட்டும் மாறியது.

ரூபா மிஸ்ஸுக்கு மூன்று விதிகள். பிளாஸ்டிக் கூடாது. போட்டோ கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வார்: “உதவி, ஏழை, தானம், இந்த மாதிரி வார்த்தை உங்க வாயிலயும் வரக்கூடாது, பிள்ளைங்க வாயிலயும் வரக்கூடாது சார். அவங்க மனசு நோகும். சும்மா அக்கம்பக்கத்துல இருக்கறவங்க மாதிரி போகணும்.”

“பேப்பர் பை எல்லி, அங்கிள்?” என்று பாதிக் கன்னடத்தில், பை எங்கே எனக் கேட்டு ஹேமந்த் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

“இருக்கு… இருந்துச்சு,” என்றான் இஸ்ரவேல்.

கட்டில்மேல் போர்வையை விரித்து, அரிசியையும் பருப்பையும் வாரிக் கொட்டி, மின்விசிறியை ஐந்தில் வைத்தான். இரண்டும் கலந்துபோயிருந்தன. பிரித்து வைக்கச் சொல்லி நாலு பிள்ளைகளையும் கட்டிலைச் சுற்றி உட்கார்த்தினான். ஹேமந்த் ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்கினான். ஜோ ஒவ்வொரு பருப்பாகத் தின்றான். சோனியா ஒரு பருப்பை நிக்கோலின் காதுக்குள் போட, அதை எடுப்பதற்குள் பாதி காலை போய்விட்டது. அரிசியும் பருப்பும் பிரிக்க முடியாத குடும்பமாகிவிட்டன என்று இஸ்ரவேல் தீர்மானித்தான்.

சரி, எதில் கொண்டுபோவது? சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். “மிஸ் பேடா அந்தரு,” என்றான் ஹேமந்த், போலீஸ்காரன் மாதிரி. மிஸ் வேண்டாம் என்றாராம். கவரைத் திரும்ப வைத்தான்.

அப்போதுதான் அவன் கண் பரணுக்குப் போனது.

பரணில் மெட்டில்டாவின் ஆறு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா வாங்கிக் கொடுத்தவை. கடைக்காரர் பக்கத்திலேயே நின்று, புள்ளி புள்ளியாக ‘மெட்டில்டா’ என்று ஒவ்வொன்றிலும் வெட்ட வைத்தவர். அந்த அம்மா இப்போது இல்லை. டப்பாக்கள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கீழே இறங்கும், முறுக்கும் கல்கல் பலகாரமும் நிரம்பி நிற்கும், துடைத்து மேலே போகும். இஸ்ரவேலின் பெயரும் அந்த வீட்டில் ஒரு பாத்திரத்தில் வெட்டப்பட்டிருந்தது. ஒரு கரண்டியின் காம்பில். இடம் போதாமல் ‘இஸ்ர’ என்று நின்றுவிட்டது.

‘குடுத்துட்டு நாளைக்கே வாங்கிட்டு வந்துடலாம். அவ வர்றதுக்குள்ள துடைச்சு மேல வெச்சா தெரியவா போகுது?’ என்று நினைத்து ஸ்டூலில் ஏறினான். ஒரு வாரம் முழுக்க அவனைத் துரத்திய நினைப்பு அது.

புறப்படும்போது பிள்ளைகளைப் பார்த்தான். குழுவின் டீ-ஷர்ட்டுகள் தப்பாகப் பெரியவர்களின் அளவில் வந்திருந்தன. ஜோவுக்கு அது கணுக்கால் வரை தொங்கியது. போதாததற்கு, புதுத்துணி ஆயிற்றே என்று இஸ்ரவேல் அவற்றை வெந்நீரில் ஊறவைத்ததில் ‘சின்னக் கைகள்’ என்ற எழுத்து கரைந்துபோய், திட்டுத் திட்டாக மஞ்சள் மட்டும் மிஞ்சியிருந்தது.

எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் ஆறு தகரக் கொட்டகைகள். ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்தும் கௌதள்ளியிலிருந்தும் வந்து கட்டட வேலை செய்கிற குடும்பங்கள். அந்த நேரத்தில் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். கையில் செங்கல் விழுந்து கட்டுப் போட்டிருந்த பாப்பாயி மட்டும் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஆறு கொட்டகைக்கும் அவள் பேச்சுத்தான் சட்டம் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“என்னங்க சார்? எதுத்த வீட்டுக்காரரு தானுங்க நீங்க?”

“ஆமாங்க.” இஸ்ரவேல் டப்பாக்களை வரிசையாக இறக்கி வைத்தான். மூன்றாம் விதி தொண்டையில் வந்து நின்றது. “ஒண்ணும் இல்லீங்க… இது கொஞ்சம் அரிசி, பருப்பு… நனைஞ்சு போச்சு. எங்க வீட்டுல இருந்தா வீணாத்தான் போகும். அதான் உங்ககிட்ட… ஆறு வீட்டுக்கும் ஒவ்வொண்ணு. நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. உங்களுக்கே புரியும்.”

பாப்பாயி ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு நாலு பிள்ளைகளையும் வரிசையாகப் பார்த்தாள்.

“அம்மிணி ஊருக்குப் போயிட்டாங்க போல.”

“ஆமாங்க.”

“அப்பா, பசிக்குது,” என்றான் ஜோ. ஜோ ஆண்பிள்ளை எல்லாரையும் அப்பா என்றுதான் கூப்பிடுவான். நர்சரி வாட்ச்மேனும் அவனுக்கு அப்பாதான்.

பாப்பாயியின் முகம் இளகியது. “சரிங்க. நாங்க பாத்துக்கறோம். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க.”

“ஒரே ஒரு விஷயம்ங்க. இந்த டப்பா மட்டும் எனக்குத் திரும்ப வேணும். அவ பேரு போட்டது. அது இல்லேன்னா அவ என்னை வீட்டுல சேத்துக்க மாட்டா.”

“ஐயோ பாவம்,” என்றாள் பாப்பாயி.

என்ன நாசூக்கு, என்று இஸ்ரவேல் வியந்தபடி வீட்டுக்கு வந்தான். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ரூபா மிஸ் பக்கத்தில் இருந்திருந்தால் கை தட்டியிருப்பார்.

மறுநாள் சாயங்காலம் டப்பாக்களை வாங்கிவர நாலு பிள்ளைகளோடும் போனான். பாப்பாயி ஒரே ஒரு டப்பாவைத் துணி சுற்றி நீட்டினாள். “சூடா இருக்குங்க. பதனமாப் புடிங்க.”

திறந்து பார்த்தான். மிளகும் சீரகமும் முந்திரியும் போட்டுக் குழைந்த பொங்கல், விளிம்பு வரை.

“இதெல்லாம் எதுக்குங்க?”

“அட, சாப்புடுங்க சார். பிள்ளைங்க பாக்குதுங்க பாருங்க.”

“மத்த அஞ்சு டப்பா?”

“அது அதது முறைக்கு வருமுங்க. நாளைக்குக் கௌரம்மா.”

கௌரம்மா என்பவள் அடுத்த கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். இஸ்ரவேல் அவளைப் பார்த்து, “ஏங்க, காலி டப்பாவே போதுமேங்க?” என்றான். கௌரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் அவனிடம் பேசியதே அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் இஸ்ரவேலுக்கு விளங்கியது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது! அவன் மாமியாரே அப்படித்தான். ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் தரும்போதுகூட நாலு கல்கண்டாவது போட்டுத்தான் தருவார். பாவம், இந்த ஜனங்கள் கொடுத்த அரிசியையே ஆக்கி, மேலே முந்திரியும் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். எல்லாரும் ஒரே நாளில் செய்ய வசதி இல்லாததால் முறை வைத்துச் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து, நினைத்து நினைத்து உருகியபடியே தட்டை எடுத்து உட்கார்ந்தான். பொங்கல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மெட்டில்டாகூட இப்படிச் செய்ததில்லை என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. அவர்கள் கொடுத்ததை ஈடு கட்டியே ஆக வேண்டும். மறுநாள் முட்டை, எண்ணெய், தக்காளி, வெங்காயம் எல்லாம் வாங்கி, வந்த டப்பாவிலும், இடம் போதாமல் மெட்டில்டாவின் டிபன் கேரியரிலும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“இதுவும் சேத்துக்கங்க.”

“ஓ, பிள்ளைங்களுக்கு முட்டை புடிக்குமாக்கும்?” என்றாள் பாப்பாயி.

“புடிக்கும்!” என்று நாலு பேரும் கத்தினார்கள்.

அன்றைக்குக் கௌரம்மாவின் டப்பாவில் பருப்புச் சாதம் வந்தது. கூடவே டிபன் கேரியரின் மேல் அடுக்கில் முட்டைக் குழம்பு. மற்ற அடுக்குகளையும் வந்த டப்பாவையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மெட்டில்டா வீடியோவில் கூப்பிட்டாள். பரண் தெரியாதபடி இஸ்ரவேல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

“என்ன சாப்ட்டீங்க?”

“பருப்புச் சாதம்.”

“அம்மா, முட்டைக் குழம்பும்!” என்று நிக்கோல் குறுக்கே வந்தாள்.

“யாரு செஞ்சா?” மெட்டில்டாவின் புருவம் திரை முழுக்க வந்தது. “உங்களுக்குச் சுடுதண்ணியே அடிப்பிடிக்குமே?”

“யூடியூப்.”

“ம்ம்.” அந்த ‘ம்ம்’முக்குள் ஒரு விசாரணைக் கமிஷன் இருந்தது. “ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறேன்.”

சமைக்க முடிகிற எதைக் கொடுத்தாலும் சமைத்துத் திருப்பிவிடுகிறார்கள். சமைக்க முடியாததைக் கொடுத்தால்? இந்த யோசனை வந்தபோது இஸ்ரவேல் அலுவலகத்தில் இருந்தான். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். அன்று மாலை குளியல் சோப்பும் தேங்காய் எண்ணெயும் சீப்பும் வாங்கி, மெட்டில்டாவின் குக்கரில் வைத்துக் கொண்டுபோனான். கைக்கு எட்டியது அதுதான்.

பாப்பாயி சோப்பை முகர்ந்து பார்த்தாள். பிள்ளைகளின் தலையைப் பார்த்தாள். “அதுவும் சரிதான். பாவம், ஆம்பளையால எத்தனைதான் ஆகும்?” என்று முணுமுணுத்தாள். “நீங்க அப்படிக் குந்துங்க சார். வேலாயுதம், சாருக்கு டீ குடு.”

வேலாயுதம்தான் அங்கே மேஸ்திரி. அவன் கொடுத்த டீயைக் குடித்தபடி, பெண்கள் காதில் விழாமல் இஸ்ரவேல் பேச்சை எடுத்தான். “அண்ணா, நீங்களாவது சொல்லக் கூடாதா? இவங்க இவ்வளவு செய்யறது எனக்குக் கூச்சமா இருக்கு. ஏன் இப்படி?”

வேலாயுதம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் தோளில் கை வைத்தான். “கூச்சமெல்லாம் படாதீங்க சார். நானும் ஒருக்கா பட்டிருக்கேன். ஆறு மாசம். அப்ப எனக்கும் நாலு பேரு செஞ்சாங்க. எல்லாம் சரியாயிடும்.”

வாங்கிக்கொள்கிறவனின் வலியை என்ன பக்குவமாகச் சொல்கிறார், என்று இஸ்ரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், நாலு பிள்ளைகளும் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டப்பட்டு, பவுடர் பூசி, வரிசையாக நின்றிருந்தார்கள். சோனியாவுக்கு ரெட்டைச் சடை. ஜோவின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

ராத்திரிக்குள் சோனியாவின் அம்மா போன் செய்தாள். “சார், யாரு இவளுக்கு எண்ணெய் வெச்சுத் தலை வாரினது?”

“மன்னிச்சுக்கங்கம்மா, அது வந்து…”

“நான் சீப்பை எடுத்தாலே கேட்டைத் தாண்டி ஓடுவா சார்! நாளைக்கும் அங்கேயே அனுப்பறேன்.”

சோப்பும் தோற்றது. அடுத்த நாள் நோட்டுப் புத்தகங்களும் பென்சில்களும் இட்லிப் பானையில் வைத்துக் கொண்டுபோனான். கொட்டகைப் பிள்ளைகள் படிக்கட்டும். இதைத் திருப்பிச் சமைக்க முடியாது, இதை வைத்துக் குளிப்பாட்டவும் முடியாது. பாப்பாயியின் மகள் மனிஷா நாலாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் கன்னட மீடியம். நோட்டுகளை வாங்கியவள், நாலு பிள்ளைகளையும் மணல் மேட்டில் சம்மணம் போட வைத்து, ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு குச்சியையும் கையில் எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது நாலு பேரும் கன்னடத்தில் இரண்டாம் வாய்ப்பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே வந்தார்கள். “எரடொந்த்ல எரடு! எரடெரட்ல நாக்கு!” ஜோவுக்கு ‘நாக்கு’ என்ற நாலு வரைக்கும் வந்தது. அதற்குமேல் எல்லாவற்றுக்கும் நாலுதான்.

கையில் அன்றைய முறைக்குப் புளிசாதம்.

இஸ்ரவேல் ரூபா மிஸ்ஸைக் கூப்பிட்டான். “மிஸ், ஒரு சந்தேகம். நாம குடுக்கறதெல்லாம் திரும்பி வந்துட்டே இருந்தா என்ன செய்யறது?”

“அன்புன்னா அப்படித்தான் சார். திரும்பி வரும்.”

“அது சரி மிஸ். இது புளிசாதமா வருது.”

“ஹௌதா? அப்படியா? எவ்வளவு அழகாச் சொல்றீங்க!” என்று ரூபா மிஸ் நெகிழ்ந்து போனை வைத்துவிட்டார்.

யாரிடம் கேட்டாலும் நேரான பதில் இல்லை. பாப்பாயியைக் கேட்டால் “சாப்புடுங்க சார்” என்கிறாள். வேலாயுதம் தோளைத் தட்டுகிறான். கௌரம்மா முந்தானையைக் கடிக்கிறாள். வந்த டப்பாவிலும் மறுநாளே எதையாவது போட்டு அவன் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததில், வெள்ளிக்கிழமை சமையலறையில் நின்று பார்த்தபோது டப்பாக்கள், டிபன் கேரியர், குக்கர், இட்லிப் பானை எல்லாம் கொட்டகைகளில் இருந்தன. வீட்டில் மிஞ்சியது ஒரு கரண்டி. ‘இஸ்ர’ என்று எழுதியது.

அப்போதுதான் மெட்டில்டா கூப்பிட்டாள். தங்கைக்கு ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், அத்தை துணைக்கு வந்துவிட்டாள். “நான் நாளைக்குக் காலையிலேயே வந்துடறேன். ஆமா, பாப்பாவைப் பாக்க வர்றவங்களுக்குக் குடுக்கப் பலகாரம் செஞ்சு தங்கச்சிக்கு அனுப்பணும். அம்மாவோட டப்பாவை இறக்கி வைங்க.”

இஸ்ரவேல் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். கொட்டகைக்காரர்கள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாப் பாத்திரமும் வேணுங்க! நாளைக்குக் காலையில அவ வர்றா!”

பாப்பாயி கையிலிருந்த சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். “வர்றாங்களா? நெசமாவா சார்?”

“நெசமாத்தான்.”

“தானாவா வர்றாங்க?”

“தானாத்தான். பஸ்ல.”

வேலாயுதம் இரண்டு கையையும் தூக்கி வானத்தைக் கும்பிட்டான். மனிஷா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். கௌரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாரம் இறங்கிய சந்தோஷம் போலிருக்கிறது, என்று இஸ்ரவேல் நினைத்தான். எவ்வளவு கஷ்டப்படுத்திவிட்டோம் இவர்களை!

“நீங்க போங்க சார். விடியறதுக்குள்ள எல்லாத்தையும் வெளக்கி நாங்களே கொண்டாந்து தர்றோம். நீங்க மொகத்தை மழிச்சு, நல்ல சட்டையாப் போட்டுட்டு நில்லுங்க,” என்றாள் பாப்பாயி.

டப்பாவுக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் மழித்தான். நல்ல சட்டையும் போட்டான்.

அந்த வாரத்தின் கடைசி நாள் ஆனதால் ஹேமந்தும் சோனியாவும் ஜோவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மெட்டில்டாவின் ஆட்டோவும் வந்தது, பாத்திரங்களுக்கு முன்னால். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நிக்கோலைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, நேரே சமையலறைக்குப் போனாள். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“ஏங்க.”

“ம்?”

“வீட்டுல திருடன் வந்துட்டுப் போனானா?”

“இல்ல மெட்டி…”

“அம்மாவோட டப்பா எங்க?” அவள் குரல் வார்டுக் குரலாக எழும்பவில்லை. தணிந்து, கொஞ்சம் நடுங்கி வந்தது. அதுதான் இஸ்ரவேலுக்குத் தாங்கவில்லை. வித்துவிட்டேன், தொலைத்துவிட்டேன், உடைத்துவிட்டேன் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. பொங்கலாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு மனைவியிடம் எப்படிச் சொல்வது?

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

பாப்பாயி, கௌரம்மா, வேலாயுதம், மனிஷா நாலு பேரும் படியில் நின்றிருந்தார்கள். எல்லாரும் தலைக்குக் குளித்துப் புதுத்துணி கட்டியிருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல. கைகளில் மெட்டில்டாவின் பாத்திரங்கள். சாம்பல் போட்டு விளக்கியதில் ஆறு டப்பாக்களும் கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கிவந்தது போல மின்னின. புள்ளி எழுத்துகளுக்குள் இத்தனை வருஷமாகப் படிந்திருந்த அழுக்குகூடப் போய், ‘மெட்டில்டா’ பளிச்சென்று தெரிந்தது.

மெட்டில்டா ஒரு டப்பாவை வாங்கி, எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவினாள். “இவ்வளவு நல்லா எங்கம்மாதான் வெளக்குவாங்க,” என்றாள் மெதுவாக.

“பத்திரமா வெச்சுக்கங்க கண்ணு. எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கங்க,” என்றாள் பாப்பாயி. சொல்லிவிட்டு இஸ்ரவேலையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

“அம்மா, பசிக்குது,” என்று ஜோ வந்து மெட்டில்டாவின் சேலையைப் பிடித்தான். ஜோவுக்குப் பெண்பிள்ளை எல்லாரும் அம்மா. பாப்பாயி மனம் குளிர்ந்து சிரித்தாள். ஹேமந்தும் சோனியாவும் வழக்கம்போல் டப்பாக்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

இஸ்ரவேல் பழக்க தோஷத்தில் முதல் டப்பாவைத் திறந்தான். காலி. இரண்டாவதைத் திறந்தான். அதுவும் காலி. ஆறும் காலி. ஒரு வாரமாக அவன் எதைக் கேட்டுக் கெஞ்சினானோ அது இதோ கையில் இருந்தது. ஆனாலும் ஏதோ பந்தியிலிருந்து பாதியில் எழுப்பிவிட்டது போல இருந்தது.

“ஏங்க,” என்றான், தாங்க மாட்டாமல். “இத்தனை நாள் நான் தலையால தண்ணி குடிச்சேன், காலி டப்பாவா ஒருத்தரும் தரல. இன்னிக்கு மட்டும் எல்லாம் காலியா இருக்கே. ஏன்? யாராவது ஒருத்தர் நேராச் சொல்லுங்களேன்!”

பாப்பாயி வேலாயுதத்தைப் பார்த்தாள். வேலாயுதம் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தான். மெட்டில்டா இஸ்ரவேலைப் பார்த்தாள். கௌரம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“அதான் கோவிச்சுக்கிட்டுப் போன அக்கா வந்துட்டாங்களே சார், இனி நீங்க குடுக்கற அரிசி பருப்ப அவங்ககிட்டயே குடுங்க, பொண்டாட்டி விட்டுட்டுப் போன மனுசன் நாலு கொழந்தைகளோட சமைக்கத் தெரியாமத் தவிக்கறாரேன்னு, சொன்னா உங்க மனசு நோகுமேன்னு ஒரு வார்த்த கேக்காம, ஆறு வீடும் முறை போட்டு ஆக்கிப் போட்டு எங்களுக்கும் முடியலீங்க!”